கோடைத் தீ எச்சரிக்கை: பாலைவனத்து ஃபார்வர்டு நம்ம கடற்கரைக்கு ஒத்துவருமா?

உச்சிப்புளி செல்வி:

எங்க மகளிர் குழு வாட்ஸப்ல பங்குனி பொறந்ததுல இருந்து ஒரே ஃபார்வர்டு மழை. 'தீயணைப்புத் துறை அவசர எச்சரிக்கை'ன்னு கொட்டை எழுத்துல தலைப்பு. உள்ள போனா, 50 டிகிரி வரப்போகுது, கார்ல லைட்டர் வைக்காதே, சென்ட் பாட்டில் வைக்காதே, பெட்ரோல் டேங்கை பாதிக்கு மேல ரொப்பாதே, நீச்சல் குளத்துப் பக்கம் பிள்ளையைத் தனியா விடாதே. எங்க குழுவுல கார் வச்சிருக்கிற வீட்டை விரல் விட்டு எண்ணிடலாம். நீச்சல் குளம்னா ஊருணிதான், அதுவும் இப்ப வெடிச்சுக் கெடக்கு.

ஆனா பக்கத்துத் தெருவுல ஒரு ஓலைக் கொட்டகை எரிஞ்சுது. காலையில அடுப்புச் சாம்பலை, அணைஞ்சிருச்சுன்னு வேலி ஓரம் கொட்டியிருக்காங்க. மத்தியானம் காத்து கிளம்பவும் கங்கு பறந்து காவோலையில ஒட்டிக்கிச்சு. ஆளுங்க தப்பிச்சாங்க, கட்டியிருந்த ஆடுக போச்சு. சாம்பலைப் பத்தி இதுவரைக்கும் ஒரு ஃபார்வர்டும் வந்ததில்லை.

நம்ம ஊருக்குன்னு ஒரு செய்தி எழுதி குழுவுல போடலாம்னு இருக்கேன். எதை எடுக்கணும், எதைத் தள்ளணும்? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கீழக்கரை காக்கா:

அஸ்ஸலாமு அலைக்கும் செல்வி டீச்சர். அந்த ஃபார்வர்டு கிளம்பின இடம் அநேகமா எங்க பக்கம்தான். ஷார்ஜாவுல இருக்கேன். இங்க கோடை வந்தா சிவில் டிஃபென்ஸ் காரங்க (நம்ம ஊர் தீயணைப்புத் துறை மாதிரி) வருஷாவருஷம் சொல்றதுதான் இது. கார்ல லைட்டர், பவர் பேங்க், ஸ்பிரே வைக்காதேங்கிறது இந்த ஊருக்கு நூத்துக்கு நூறு சரி. வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்தின காருக்குள்ள டேஷ்போர்டு 70 டிகிரியைத் தாண்டும். நம்ம ஊர்லயும் பஸ் ஸ்டாண்ட் ஓரம் நிறுத்துற வேன், ஷேர் ஆட்டோவுக்கு அது பொருந்தும், முழுசா தள்ளிட வேண்டாம்.

இங்க இன்னொரு விஷயம் உருப்படியா செய்றாங்க. ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் பகல் 12.30ல இருந்து 3 மணி வரை வெட்டவெளியில வேலை வாங்கக்கூடாது. குவைத்துல ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் 11ல இருந்து 4 வரை. மீறினா கம்பெனிக்கு அபராதம். நம்ம உப்பளத்துலயும் ரோடு வேலையிலயும் அப்படி ஒரு சட்டம் இருக்கா?

அப்புறம், வெயில் வெளியில மட்டும் கொல்றதில்லை. 2024 ஜூன் 12, குவைத் மங்காஃப். தொழிலாளர் தங்குற கட்டடத்துல விடியக்காலம் கீழ்த்தளத்துல தீ. செத்தவங்கள்ல குறைஞ்சது 45 பேர் இந்தியர், அதுல 7 பேர் தமிழ்நாடு. பல பேர் தூக்கத்துல. கீழே பிடிச்ச தீயில இருந்து புகை மாடிப்படி வழியா மேல ஏறிடுச்சு. மொட்டை மாடிக் கதவு பூட்டு. வெளிநாட்டுல பிள்ளைகளை வச்சிருக்கிற தாய்மார் உங்க குழுவுல எத்தனை பேர் இருப்பாங்க? அவங்களுக்கு ஒரு வரி சேருங்க: 'மாடிக் கதவு திறந்திருக்கா, சாவி எங்க இருக்குன்னு பார்த்து வை'ன்னு மகன்கிட்ட போன்ல கேக்கச் சொல்லுங்க. சாப்பிட்டியான்னு கேக்கிறப்ப இதையும் கேக்கலாம்.

மண்டபம் மெக்கானிக்:

பெட்ரோல் டேங்க் கதையை முதல்ல தூக்கிப் போடுங்க. அது பச்சைப் பொய். இந்தியன் ஆயில் பேர்லயே அந்தப் படம் சுத்தி, அவங்களே 'நாங்க அப்படிச் சொல்லவே இல்லை'ன்னு மறுத்தாச்சு. கம்பெனிக்காரன் குறிச்ச அளவு வரைக்கும் எந்தக் காலத்துலயும் ரொப்பலாம். வெயில்ல டேங்க் வெடிக்கிறதா இருந்தா இந்தக் கிழக்குக் கடற்கரைச் சாலையில ஒரு பைக் மிஞ்சியிருக்குமா?

உண்மையில பார்க்க வேண்டியது வீட்டுக்குள்ள கேன்ல வாங்கி வைக்கிற பெட்ரோலும் டீசலும். படகுக்காரங்க வீட்ல அடுப்படிக்குப் பக்கத்துலயே கேன் நிக்கும்.

பழைய ஏணி:

தீயணைப்புத் துறையில இருந்து ஓய்வு பெற்றவன். இந்த மாவட்டத்துலயும் பக்கத்து மாவட்டத்துலயும் வேலை பார்த்திருக்கேன். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கங்க.

டீச்சர் சொன்ன சாம்பல்தான் என் சர்வீஸ்ல அதிகம் பார்த்த காரணம். சாம்பல் மேல வெள்ளையா இருக்கும், அடியில கங்கு மணிக்கணக்கா உயிரோட கெடக்கும். தண்ணி ஊத்திக் கிளறி, இன்னொரு தடவை ஊத்தி, கையால தொட்டுப் பார்த்துட்டுக் கொட்டணும். குழி வெட்டிக் கொட்டினா இன்னும் நல்லது.

ரெண்டாவது காத்து. நம்ம கரையில தீயோட குணத்தை வெயிலை விடக் காத்துதான் தீர்மானிக்குது. காலையில கச்சான் (மேற்கத்திக் காத்து) ஒரு பக்கம் அடிக்கும். பகல் ஏற ஏற கடக்காத்து உள்ள வந்து திசையைத் திருப்பும். காலையில பாதுகாப்பா தெரிஞ்ச குப்பைத் தீ ரெண்டு மணிக்கு வேற வீட்டுப் பக்கம் நாக்கை நீட்டும். குப்பை கொளுத்தவே கூடாது. கொளுத்தித்தான் தீருவேன்னு நிக்கிறவங்ககிட்ட, விடியக்காலம் கொளுத்தி எட்டு மணிக்குள்ள அணைச்சு முடிங்கன்னாவது சொல்லுங்க.

மூணாவது, கூரை எரியும்போது எல்லாரும் செய்றது என்ன? எரியிற கூரை மேல குடம் குடமா ஊத்துறது. மேல நல்லா பிடிச்ச ஓலையில அந்தத் தண்ணி உள்ளயே போகாது. அந்த நேரத்துல காத்து போற திசையில அடுத்த கூரையைப் பாருங்க. அதை நனைங்க, தொரட்டி இருந்தா ஓலையை இழுத்துக் கீழ தள்ளுங்க. ஒரு வீடு போகும், தெரு நிக்கும். ஆளு உள்ள இருந்தா மட்டும் எரியிற வீட்டுப் பக்கம் கவனம்.

வண்டியைப் பத்தி ஒரு நினைப்பு இருக்கு ஜனங்களுக்கு, வந்தா தண்ணி வந்துக்கிட்டே இருக்கும்னு. சாதாரண வண்டியில 4500 லிட்டர் வாக்குலதான் பிடிக்கும். குழாயைத் திறந்துவிட்டா பத்து நிமிஷத்துல காலி. அப்புறம் எங்க ரொப்புறது? கண்மாயும் ஊருணியும் வறண்ட மாசத்துல அதுதான் எங்க தலைவலி. கடல் பக்கத்துல இருக்கேன்னு கேப்பாங்க. ஆபத்துக்கு உப்புத் தண்ணியும் எடுப்போம், பம்பு கெட்டுப் போகாம இருக்க பின்னாடி நல்ல தண்ணி விட்டுக் கழுவணும். ஆனா மணல்ல வண்டி இறங்கினா அலை வரைக்கும் போய்ச் சேராது. அதனால உங்க ஊர்ல இப்ப தண்ணி கெடக்கிற கெணறு எது, தண்ணி லாரி யாருகிட்ட இருக்குங்கிறதை ஊர்ல நாலு பேர் தெரிஞ்சு வச்சிருக்கணும். வண்டி வந்ததும் டிரைவர் பக்கத்துல ஏறி உட்கார்ந்து வழி காட்ட ஒரு ஆள் மெயின் ரோட்டுல நிக்கணும். அந்த ஒரு ஆளால மிச்சமாகிற நேரம் ரொம்பப் பெரிசு.

தொண்டி டிரைவர்:

அண்ணே சொன்னது கரையில வீட்டுக்கு. படகுக்கு யாரும் சொல்றதில்லை, நான் சொல்றேன்.

ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம். 61 நாள் விசைப்படகு எல்லாம் ஒண்ணை ஒண்ணு ஒட்டிக் கட்டிக் கெடக்கும். அந்த நாள்லதான் எல்லா ரிப்பேரும். ஒரு படகுல வெல்டிங், அடுத்ததுல பெயிண்ட், அதுக்கு அடுத்ததுல ரெசின் பூசுறான். நடுவுல வலை மூட்டை, டீசல் பேரல், ஒருத்தன் டீ போட ஸ்டவ். அக்னி நட்சத்திரமும் இதே நேரத்துல.

மீன் போடுற அறையைச் சுத்தி ஃபோம் அடைச்சிருக்கும். வெல்டிங் பொறி ஒரு ஓட்டை வழியா அந்த ஃபோம்ல விழுந்தா வெளிய தெரியாது. உள்ளுக்குள்ள கனிஞ்சுக்கிட்டே இருக்கும். வெல்டர் கூலி வாங்கிட்டுப் போன பிறகு, சாயங்காலம் புகை வரும். கறுப்பா, மூச்சு வாங்க முடியாத புகை. அதனால வெல்டிங் முடிஞ்சதும் ஒரு ஆள் வாளித் தண்ணியோட அங்கயே உட்கார்ந்து கை வச்சுத் தடவிப் பார்க்கணும். எங்க படகுல இதுக்குன்னு ஒரு பையனை உட்கார வைப்பேன், அவன் செல்போன் பார்த்துக்கிட்டு இருந்தாலும் பரவாயில்லை, மூக்கு வேலை செஞ்சா போதும்.

ஃபைபர் வேலை செய்றவங்களுக்கு: ரெசின்ல (ஃபைபருக்குப் பூசுற பிசின்) அதை இறுக வைக்கிற கேட்டலிஸ்ட்டையும் ஆக்சிலரேட்டரையும் தனித்தனியாத்தான் கலக்கணும். அந்த ரெண்டையும் நேரா ஒண்ணோட ஒண்ணு ஊத்தினா தீப்பெட்டியே வேண்டாம், அதுவா வெடிக்கும். ஒரே வாளியில ரெண்டு பாட்டிலையும் படுக்க வச்சுத் தூக்கிட்டு வர்றதைக் கண்ணால பார்த்திருக்கேன். கலக்கி மிஞ்சின ரெசினையும் டப்பாவோட மூலையில வைக்காதீங்க, அதுவும் சூடேறிப் புகையும்.

விசாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துல 2023 நவம்பர்ல ஒரே ராத்திரியில வரிசையா எத்தனை படகு போச்சுன்னு டிவியில பார்த்தோம்ல. அவ்வளவும் ஒட்டிக் கட்டினது. ஒண்ணு பிடிச்சா கயிறை வெட்டித் தள்ளிவிட அருவாள் கையில இருக்கணும், அருவாளை வீட்ல வச்சுட்டு வந்தா என்ன பண்றது.

ராம்நாடு சிங்கம் 07:

எல்லாம் சரி. சீமைக்கருவேல் எரிஞ்சா எதுக்கு அணைக்கணும்? நிலத்தடித் தண்ணியை உறிஞ்சுற சனியன். ஹைகோர்ட்டே 2017ல வெட்டச் சொல்லுச்சு. தானா எரிஞ்சா கூலி மிச்சம்.

சாயல்குடி மூட்டம்:

தம்பி, அந்தக் கருவேல் மரத்துல கரிமூட்டம் போட்டுத்தான் எங்க வீட்டுல சோறு. இந்த மரத்தைப் பத்தி எனக்குத் தெரியும். தீ வச்சா கருவேல் சாகாது. மேல எரிஞ்சு நிக்கிற கட்டையில இருந்து அடுத்த மழைக்கு ஒண்ணுக்கு நாலா துளிர்க்கும். வேரோட தோண்டி எடுத்தாத்தான் போகும். நீ கொளுத்துறதால மரம் சாகாது, நடுவுல நிக்கிற பனை சாகும், மேயப்போன ஆடு சாகும், ஓரத்துல இருக்கிற எங்க மூட்டத்துக்கும் சேதம்.

டீச்சருக்கு எங்க தொழிலைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. மூட்டம்னா விறகை அடுக்கி, தழை போட்டு, ஈர மண்ணு பூசி, மூச்சு விட ஓட்டை வச்சு நாள் கணக்குல உள்ளயே வேக விடுறது. மண்ணு காஞ்சு வெடிச்சா அது வழியா காத்து உள்ள போய் குபீர்னு பிடிக்கும். கோடையில வெடிப்பு சீக்கிரம் விழும், அதான் ராத்திரியிலயும் ஆள் காவல் இருப்போம். பிரிச்ச பிறகு இன்னொரு ஆபத்து. சூடு ஆறாத கரியைச் சாக்குல கட்டி லாரியில ஏத்தினா வழியில காத்து பட்டு மறுபடி கனியும். அவசரத்துக்கு வர்ற வியாபாரி 'கட்டு கட்டு'ன்னு நிப்பான். ஒரு நாள் ஆற விட்டுத்தான் கட்டணும்.

கருப்பட்டி காய்ச்சுறவங்களையும் விட்டுடாதீங்க. சித்திரை வைகாசிதான் பதனீர்க் காலம். ஓலைக் கொட்டகைக்குள்ள அடுப்பு, எரிக்கிறதும் காஞ்ச ஓலை. கூரைக்கும் அடுப்புக்கும் நடுவுல தகரம் ஒண்ணு அடிச்சா பாதி பயம் போகும்.

ராம்நாடு சிங்கம் 07:

சரிண்ணே. வேரோட தோண்டுற மிஷினுக்கு யாரு காசு தருவா, அதையும் சொல்லுங்க.

சாயல்குடி மூட்டம்:

அதுக்குத் தனியா இழை போடு தம்பி, நானும் வந்து திட்டுறேன்.

பீனிக்ஸ் பரமக்குடியான்:

பொறந்தது பரமக்குடி, இப்ப அரிசோனா. நிஜப் பாலைவனம். 2023ல பீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 43 டிகிரிக்கு மேல. இங்க லோக்கல் தீயணைப்பு நிலையம் கோடையில அனுப்புற செய்தியைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கும், ஊர்ச் செய்தி மாதிரி எழுதுவாங்க. தோட்டத்துக் குழாய் வெயில்ல கெடந்தா முதல்ல வர்ற தண்ணி தோலைச் சுடும், பிள்ளை மேல பீச்சாதே. வண்டிக்குப் பின்னால இழுத்துட்டுப் போற டிரெய்லரோட சங்கிலி ரோட்டுல உரசினா பொறி பறந்து ஓரத்துப் புல்லு பிடிக்கும், தூக்கிக் கட்டு. வீட்டுக்குள்ள பாம்பு வந்தா கூப்பிடு.

காட்டுத் தீ வந்தா மூணே படி. ஒண்ணு, தயாரா இரு. ரெண்டு, பையைக் கட்டி வாசல்ல வை. மூணு, கிளம்பு. செய்தியில எந்தப் படின்னு மட்டும் சொன்னாப் போதும், மீதியை ஜனங்க முன்னாடியே படிச்சு வச்சிருப்பாங்க.

ஏணிப் பெரியவர் காத்து திரும்புறதைப் பத்தி எழுதினதைப் படிச்சதும் இங்க அரிசோனாவுல நடந்த யார்னல் ஹில் காட்டுத் தீ ஞாபகம் வந்துச்சு. 2013 ஜூன் 30. இடி மேகத்துல இருந்து கிளம்பின காத்து திசையை மாத்தி, பயிற்சி எடுத்த 19 தீயணைப்பு வீரர்களைத் தீ சூழ்ந்துடுச்சு. அவ்வளவு கருவி இருந்த ஊர்லயே.

ஒண்ணு மட்டும் பாலைவனத்துல இருந்து எடுக்காதீங்க, அந்த டிகிரி கணக்கை. இங்க 43ல வேர்வை உடனே காயும், உடம்பு குளிரும். நம்ம பாம்பன், தொண்டியில 36லயே சட்டை பிழியலாம், வேர்வை காயாது, உடம்புச் சூடு இறங்க வழியில்லை. அதனாலதான் நம்ம வானிலைத் துறையும் வெப்ப அலைக்கு சமவெளியில 40ன்னு வச்சுட்டு கடற்கரைக்கு 37ன்னு வச்சிருக்கு. அதோட வழக்கத்தை விட 4.5 டிகிரி கூடவும் இருக்கணும். '50 வந்தாத்தான் ஆபத்து'ன்னு ஜனங்க நினைச்சா 37ல மயங்கி விழுறவரை வேற ஏதோ கோளாறுன்னு உட்கார வச்சு சோடா கொடுப்பாங்க.

பழைய ஏணி:

பரமக்குடியார் சரியா சொன்னார். வேர்வை நின்னாலும் நிக்காட்டாலும், பேச்சு குழறி, உடம்பு கொதிச்சா அது சாதாரண மயக்கம் இல்லை. நிழல்ல படுக்க வச்சு, துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணி ஊத்தி விசிறிக்கிட்டே 108 கூப்பிடுங்க. நினைவு இல்லாதவர் வாயில எதையும் ஊத்தாதீங்க.

பாம்பு விஷயத்துல நம்ம ஆளுகளும் சளைச்சவங்க இல்லை. கோடையில எங்களுக்கு வர்ற கூப்பாட்டுல தீயை விட பாம்பும் கெணத்துல விழுந்த மாடும் கூடுதலா இருக்கிற நாளும் உண்டு. அடிக்காம, கண்ணு வச்சுக்கிட்டு, கூப்பிடுங்க.

கிராம உதவியாளர்:

ஒரு தகவல். 2024 அக்டோபர்ல தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடரா அறிவிச்சிருக்கு. வெயில் தாக்கி இறந்தது உறுதியானா குடும்பத்துக்கு 4 லட்சம். மருத்துவமனைக்குக் கொண்டு போகாம, பதிவு எதுவும் இல்லாம அடக்கம் பண்ணிட்டு வந்து கேட்டா எங்களால ஒண்ணும் செய்ய முடியாது. இதைச் சொன்னா கல்நெஞ்சக்காரன்னு திட்டு விழுது, இருந்தாலும் சொல்லணும்.

ஏர்வாடிப் பிள்ளை:

இழையில எல்லாரும் சித்திரை வைகாசியையே பேசுறீங்க. எங்க ஊர்ல நடந்தது ஆகஸ்ட்.

2001 ஆகஸ்ட் 6, விடியக்காலம். மனநலம் பாதிச்சவங்களை வச்சிருந்த தனியார் காப்பகம், ஓலைக் கொட்டகை. 28 பேர் எரிஞ்சு செத்தாங்க. தீ பிடிச்சதால மட்டும் சாகலை, சங்கிலியில கட்டிப் போட்டிருந்ததால செத்தாங்க. அப்ப நான் சின்னப் பையன். அந்தப் பக்கம் போகாதேன்னு அம்மா பிடிச்சு வச்சது மட்டும் ஞாபகம் இருக்கு. அதுக்கு அப்புறம் அந்த மாதிரி காப்பகங்களை மூடினாங்க, சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போச்சு. மூணு வருஷம் கழிச்சு 2004 ஜூலை 16ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல 94 பிள்ளைகள். அங்கயும் கூரை கீத்துதான்.

டீச்சர், உங்க செய்தியில ஒண்ணு கண்டிப்பா வரணும். படுத்த படுக்கையா இருக்கிறவங்க, வெளிய போயிடுவாங்கன்னு பூட்டி வைக்கிற பெரியவங்க, தொட்டில் பிள்ளை, இவங்க எந்த வீட்ல இருக்காங்கன்னு பக்கத்து வீட்டுக்குத் தெரியணும். களை எடுக்கப் போறப்ப பெத்தவளை உள்ள வச்சு வெளித் தாழ்ப்பாள் போட்டுட்டுப் போறது நம்ம ஊர்ல இன்னைக்கும் நடக்குது. சாவியைப் பக்கத்து வீட்ல குடுத்துட்டுப் போங்க.

தங்கச்சிமடம் ஜெனி:

கேஸ் சிலிண்டர் பத்தி யாருமே சொல்லலையே? வாடை வந்தா என்ன செய்யணும்னு எங்க வீட்லயே ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃபேன் போடுன்னு ஒருத்தர், போடாதேன்னு ஒருத்தர்.

பழைய ஏணி:

போடாதீங்கம்மா. சுவிட்சை போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம், ரெண்டுலயும் பொறி உண்டு. கேஸ் காத்தை விடக் கனம், தரையோட தரையா கெடக்கும். ரெகுலேட்டரை மூடு, கதவு ஜன்னலைத் திற, எல்லாரும் வெளிய வா, வெளிய நின்னு 1906க்கு அடி. சாமி விளக்கு எரிஞ்சா அதையும் மறக்காதீங்க, நம்ம வீடுகள்ல அதை யாரும் தீன்னே கணக்குல வைக்கிறதில்லை. எண்ணெய்ச் சட்டி பிடிச்சா தண்ணி ஊத்தாதீங்க, அடுப்பை அணைச்சுட்டுத் தட்டை வச்சு மூடுங்க.

உச்சிப்புளி செல்வி:

எல்லாருக்கும் நன்றி. இப்படி எழுதியிருக்கேன், பாருங்க:

'சாம்பலைத் தண்ணி ஊத்தித் தொட்டுப் பார்த்துட்டுக் கொட்டுங்க. காத்து கிளம்பின பிறகு குப்பை கொளுத்தாதீங்க. கூரை பிடிச்சா காத்து போற பக்கத்துக் கூரையை நனைங்க, பிரிங்க. பூட்டின வீட்டுச் சாவி பக்கத்து வீட்ல இருக்கட்டும். கேஸ் வாடை வந்தா சுவிட்சைத் தொடாம வெளிய வாங்க, 1906. தீ 101 இல்லைன்னா 112. படகுல வெல்டிங் முடிஞ்சா ஆள் உட்காருங்க. வெளிநாட்டுப் பிள்ளைகிட்ட மாடிக் கதவைக் கேளுங்க. பெட்ரோல் டேங்க் செய்தி பொய்.'

தொண்டி டிரைவர்:

படகு வரியைத் தனியா பிரிச்சு ஆக்குங்க டீச்சர். உங்க குழுவுல அதைப் படிக்கிற அம்மா வீட்டுக்காரருக்கு அனுப்பட்டும். எல்லாம் ஒண்ணா இருந்தா அவரு சாம்பலோட நிறுத்திடுவாரு.

கீழக்கரை காக்கா:

எழுத்தா போடாதீங்க, உங்க குரல்ல பேசி அனுப்புங்க. எங்க உம்மாவுக்குப் படிக்கக் கண்ணு தெரியாது, ஆனா ஆடியோ வந்தா மூணு தடவை கேப்பாங்க. ஜும்ஆவுக்கு முந்தி பள்ளி மைக்ல சொல்ல நான் ஜமாஅத்ல பேசுறேன். ஜெனி, நீங்க கோயில்ல ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் சொல்லச் சொல்லுங்க.

தங்கச்சிமடம் ஜெனி:

சாமியார்கிட்ட கேக்குறேன் காக்கா. ஒரு சந்தேகம்: செல்போன்ல 101 அடிச்சா சில நேரம் வேற ஊருக்குப் போகுதுன்னு அண்ணன் சொல்றான். தீவுக்குள்ள இருந்துக்கிட்டு எங்கயோ பேசி, வண்டி பாலம் தாண்டி வர்றதுக்குள்ள என்ன மிஞ்சும்?

பழைய ஏணி:

ராமேஸ்வரத்துலயே நிலையம் இருக்கும்மா, வண்டி பாலம் தாண்டி வரணும்னு இல்லை. போன் எங்க போய் விழுந்தாலும் வைக்காதீங்க. மாவட்டம், ஊர், பக்கத்துல இருக்கிற கோயிலோ பள்ளிக்கூடமோ, எரியிறது வீடா படகா, உள்ள ஆள் உண்டா, இதை வரிசையா சொன்னா அவங்களே சரியான நிலையத்துக்கு மாத்திவிடுவாங்க. அதை விட நல்லது, பக்கத்து நிலையத்தோட நேர் நம்பரை வாங்கி வைக்கிறது. ஒரு நாள் பகல்ல நேரா போங்க, பிள்ளைகளையும் கூட்டிட்டுப் போங்க, விரட்ட மாட்டாங்க. நம்பரை அடுப்படிச் சுவத்துல கரியால எழுதுங்க. தீ பிடிச்ச நேரத்துல செல்போன்ல தேடிக்கிட்டு நிக்க முடியாது.